பல வீட்டு அரிசி

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். போடும்போது ஒரு சின்ன ஜெபம். நான் "ஆண்டவரே, இல்லாதவங்களுக்கு" என்று மட்டும் சொல்லுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் அந்த அரிசியைக் கொண்டுவந்து ஆலயத்தின் பக்கத்து வராந்தாவில் இருக்கும் எவர்சில்வர் அண்டாவில் கொட்டுவோம். எந்த வீட்டில் அந்த மாதம் அடுப்பெரியச் சிரமமோ, அந்த வீட்டுக்கு அது போகும். முப்பது சொச்சம் குடும்பங்கள் உள்ள லுத்தரன் சபை எங்களுடையது. பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்தைத் தாண்டிப் பாதிப் பேர் வந்து சேர மாட்டார்கள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்னுடையது. யாரும் கொடுத்த வேலை இல்லை. வாய் ஜாஸ்தி உள்ளவள் எங்கே நின்றாலும் அந்த இடம் அவளுக்கென்று ஆகிவிடும். கொட்டும்போதே எது எந்த வீட்டு அரிசி என்று எனக்குத் தெரியும். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போன கலெக்டர் ஆபீஸ் குடும்பத்தில் நயமான பொன்னி. கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் கொண்டுவருவது வீட்டிலேயே அவித்த புழுங்கல், லேசாகப் பழுப்பாக இருக்கும். ரிடையரான டீச்சர் ஒருவர் எப்போதும் பச்சரிசி. ஒரு வீட்டிலிருந்து பிரியாணிக்கு வாங்கிய சீரகச் சம்பா வரும், வராந்தாவே மணக்கும். சில பைகளிலிருந்து ரேஷன் அரிசியும் விழும். அவர்கள் வீட்டில் பொன்னிதான் வேகும் என்பதும் எனக்குத் தெரியும். "ஆண்டவருக்குப் பல்லு கெட்டி, எதக் குடுத்தாலும் மெல்லுவாரு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், கொட்டியவளும் சேர்த்து.

கொட்டி முடிந்ததும் ஐயரம்மா என்னைப் பார்ப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கோயில் ஊரில் அதைச் சொல்லிப் புரியவைப்பது பெரிய பாடு. ஐயரம்மா அவருடைய மனைவி. "இந்த மாசம் யாருக்கும்மா?" என்று கேட்பார். நான் ஒரு வீட்டைச் சொல்வேன். பெரும்பாலும் ஒரே வீடுதான். என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி, புருஷன் போய்விட்டான், ரேஷன் கார்டு கொழுந்தன் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் பாத்திரம் தேய்க்கிறாள். "அவளுக்கே குடுத்துடலாங்க" என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வேன். அவளும் பையை விரித்துப் பிடிப்பாள். எடுத்துச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசித்ததே இல்லை.

போன தை மாதத்தில் என் வீட்டுக்காரருடைய ஆட்டோ கவிழ்ந்தது. செங்கம் ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஹேண்டிலை ஒடித்திருக்கிறார். காலில் இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே கம்பி வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற மாதங்கள்தான் எங்களுக்கு வருமானம். கார்த்திகையில் ஆரம்பித்து மாசியோடு முடிந்துவிடும். அதில் பாதி கட்டிலிலேயே போயிற்று. நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் வாங்கி வைத்த துணிகளைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் கேட்கலாம். எங்களுடையது சர்க்கரை கார்டு. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த அரிசியை யார் தின்பது என்கிற நினைப்பு. மாற்றிக் கொடுக்கச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்தேன், அது வர நாளாகும் என்றார்கள். ஊரில் அண்ணன் இருக்கிறார். அவரிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. எல்லாரையும் பேசுகிற வாய்க்கு அது ஒன்றுதான் பேச வராது.

ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்த மாதத்து முதல் ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு மத்தியானம், அவர் மாத்திரை போட்டுத் தூங்குகிற நேரத்தில், ஐயரம்மா வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு பையை இறக்கி, உள்ளே கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெள்ளையும் பழுப்பும் நெட்டையும் குட்டையுமாக அண்டாவில் நான் பார்த்துப் பார்த்துப் பழகிய அரிசி. "யாருக்கும் தெரியாதும்மா. வழக்கமா போற வீட்டுக்குத்தான்னு மத்தவங்க நெனச்சிட்டிருக்காங்க. நீங்க வச்சிக்குங்க" என்றார் மெதுவாக. நான் காபி போடட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று போய்விட்டார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. நன்றி வர வேண்டிய இடத்தில் அதுதான் வந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த அரிசிக்கு அது செல்லாது. பச்சரிசி குழைந்து கூழாகும் நேரத்தில் புழுங்கல் அப்போதுதான் முழிக்கும். எந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்து எப்போது வடிப்பது? வடித்தால் பாதி விதை, பொங்கவிட்டால் பாதி களி. வீட்டுக்காரரிடம் அண்ணன் கொடுத்தனுப்பினார் என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க அண்ணன் என்னா, நாலு வீட்ல பிச்சை எடுத்தா அனுப்பிச்சாரு? சோறு நாலு விதமா கீது."

வலியில் படுத்திருப்பவர் வேடிக்கைக்குச் சொன்னார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே சாப்பிட்ட எங்கள் பெண்ணும் சிரித்தாள். நான் மோர் எடுத்துவரப் போகிற மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மோர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சரிதான். விடியற்காலையில் மலை கண்ணுக்குத் தெரியாது, அடுப்பில் குளிர் காய்ந்தால்தான் விரல் மடங்கும். சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய விரதமான லெந்து நாட்கள் ஆரம்பித்தன. ஆலயத்தில் ஊதாத் துணி போட்டார்கள். எங்கள் பெண்கள் அந்த நாட்களில் தலையில் பூ வைக்க மாட்டார்கள், பலர் கறி மீன் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டில் கறியை விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அந்த வருஷம் அது விரதத்தில் சேர்ந்துவிட்டது, அதையும் ஒரு சௌகரியமாக நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு நெருங்கியது. வெறுங்கையோடு போனால் என்ன நினைப்பார்கள்? அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவளே பை கொண்டுவரவில்லை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் பை வந்த நாளிலிருந்தே நான் பிடி எடுத்து வைத்துவந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் அவர்கள் கொடுத்த அரிசியிலிருந்தே ஒரு பிடி. "இல்லாதவங்களுக்கு" என்று சொல்லவந்து நிறுத்திக்கொள்வேன். இல்லாதவர்கள் யார் என்று ஆண்டவருக்கும் எனக்கும் தெரியும். ஜெபமில்லாமல் டப்பாவை மூடிவிடுவேன். அந்தப் பிடிகளை விட்டிருந்தால் இன்னும் இரண்டு வேளை ஓடியிருக்கும். ஞாயிறு காலை பார்த்தபோது பையில் அன்று ராத்திரி வரைக்கும்தான் அரிசி இருந்தது.

இருக்கிற புடவையில் நல்லதைக் கட்டிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்து வராந்தாவுக்கு வந்து என் இடத்தில் நின்றேன். ஒவ்வொருத்தராக வந்து கொட்டினார்கள். அவருக்குக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். "பரவால்லங்க, கம்பி வச்சதால சீக்கிரம் கூடிடும்" என்றேன். ரேஷன் அரிசியும் விழுந்தது. அன்றைக்கு நான் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் முடித்த பிறகு கடைசியாக என் பையை எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்றே கொஞ்சம் உயரத்தில் பிடித்துக் கவிழ்த்தேன்.

விழும்போதுதான் பார்த்தேன். மற்றவர்கள் பையிலிருந்தெல்லாம் ஒரே நிறமாக ஒரே அளவாக விழுந்தது. என் பையிலிருந்து மட்டும் பொன்னியும் புழுங்கலும் பச்சரிசியும் கலந்து விழுந்தன, நடுவில் சீரகச் சம்பாவும் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. எந்தக் கடையிலும் அப்படி அரிசி விற்பதில்லை. இந்த ஊரில் அந்த அரிசி இருக்கிற இடம் அந்த அண்டா ஒன்றுதான். இத்தனை வருஷம் அடுத்தவர் அரிசியைத் தரம் பார்த்த கண், தன் டப்பாவுக்குள் ஒரு நாளும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதுவும் அவர்கள் கொடுத்த சோற்றில்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வேங்கிக்கால் அம்மா பேரக் குழந்தையைத் தேடுகிற மாதிரி வாசல் பக்கம் திரும்பினார். அவர்கள் பார்க்காமல் இருந்ததில்தான் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாயிற்று. காது இரண்டும் எரிந்தன.

ஐயரம்மா கொஞ்சம் தயங்கி, வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"இந்த மாசம் யாருக்கும்மா?"

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எனக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று மனசு ஓடித் தேடியது. தூணோரமாக அவள் நின்றுகொண்டிருந்தாள், லாட்ஜில் பாத்திரம் தேய்க்கிறவள். நான் அவள் பக்கம் கையை நீட்டி, பழைய குரலிலேயே, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"வேற யாருக்குங்க, அவளுக்குத்தான். பாவம், அவளுக்கு யார் இருக்காங்க."

அவள் பை கொண்டுவரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வேணாங்க்கா. சீசன் முடியற வரைக்கும் லாட்ஜ்லயே ரெண்டு வேளை சோறு போட்டுடறாங்க. போன மாசமே ஐயரம்மா கிட்ட சொல்லிட்டனே, எனக்கு வேணாம், அக்கா வீட்டுக்குக் குடுத்துடுங்கன்னு."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். ஐயரம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரிக்கட்டுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் பேசினாள்.

"வெள்ளக்காரங்க போயிட்டாங்கன்னா நானே வந்து கேட்டு வாங்கிக்கறேங்க்கா. கேக்கறதுக்கு என்னா வெக்கம்?"

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது, அந்த வித்தையெல்லாம் என்னிடம்தான் உண்டு. மாசா மாசம் அவளைக் கைகாட்டி நான் சொன்னதையெல்லாம் அவள் இப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஒரு மாதம் தின்றது அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சோறு. அதைத் தின்றுவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளைத்தான் எல்லாருக்கும் முன்னால் பாவம் என்றேன்.

ஓடிவிடலாம் போலிருந்தது. செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஆனால் வீட்டில் ராத்திரிக்கு மேல் ஒன்றுமில்லை. பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஆலயம் விட்டு நான் வந்து உலை வைப்பேன் என்று காத்துக்கொண்டிருப்பார். அண்டாவில் அரிசி இருந்தது. ஐயரம்மா என் முகத்தைப் பார்க்காமல் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லியிருக்கலாம். அங்கிருந்த யாரும் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வீட்டைச் சொல்கிறவள் நான் என்பதால் எல்லாரும் என் வாயையே பார்த்திருந்தார்கள்.

"எங்க வீட்டுக்குக் குடுங்க" என்றேன்.

சொன்னது எனக்கே கேட்கவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஐயரம்மா குனிந்து காதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"என்னம்மா சொன்னீங்க? கேக்கல."

இரண்டாவது தடவையும் சொன்னேன்.