பிளக் குழியில் நல்ல தண்ணீர்

கார் வாங்கியதே என்னைப் பெற்ற நைனாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத்தான். வாரத்தில் இரண்டு முறை, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, பொன்னேரிக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற உடம்பு இல்லை அவருக்கு. ஆட்டோ என்றால் திரும்பும் வழியெல்லாம் வாந்தி. அதனால் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, ஓட்டவும் நானே கற்றுக்கொண்டேன். அப்போது "பொம்பள டிரைவரு" என்று வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், பிறகு தங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு என் கதவைத்தான் தட்டினார்கள். அதைச் சொல்லிக் காட்டாமல் நான் ஒருவரையும் வண்டியில் ஏற்றியதில்லை.

மழையெல்லாம் விட்டு, தை முடிகிற சமயத்தில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் குளிர்காய்ச்சல் வந்தவன் போல முழு வண்டியும் நடுங்கும். மிதித்தால் பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு கண்ணடிக்கும். போகப் போக, சூடு ஏற ஏற, தானாகச் சரியாகிவிடும்.

முதல் தடவை தாமதத்தோடு போயிற்று. அடுத்த தடவை பாலம் இறங்கியதுமே நின்றுவிட்டது. தள்ளி, திட்டி, மறுபடி கிளப்பிப் போய்ச் சேர்ந்தபோது நைனாவின் மெஷினை வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்றார் நர்ஸ். அவர் மேல் தப்பில்லை, ஆனாலும் கத்திவிட்டு வந்தேன். மறுநாள் மெஷினில் ஏற்றும் வரை நைனா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. இன்னொரு முறை இப்படி நடந்தால் நைனா இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொன்னேரி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே போவதற்குள் சூடாகி, அவர் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடியது.

"ஒண்ணும் இல்லக்கா. பழவேற்காட்டு வண்டின்னாலே உப்புதான். உப்புக் காத்து எல்லாத்தையும் தின்னுடும்."

உப்பின் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது. வண்டி, ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு எது கெட்டாலும் எங்கள் பக்கம் உப்புதான் குற்றவாளி. நானும் நம்பினேன்.

அடுத்த டயாலிசிஸ் நாள் விடிந்ததும் முதலில் பானெட்டைத் திறந்தேன். வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. நாலு சிலிண்டருக்கும், பிளக்குக்குக் கரண்ட் அனுப்ப நாலு காயில். ஓடும்போதே ஒவ்வொரு காயிலின் ஒயரையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் பிடுங்கியதும் நடுக்கம் கூடும். செத்த சிலிண்டர் என்றால் ஒரு மாற்றமும் இருக்காது. மூன்றாவதைப் பிடுங்கினேன். இன்ஜினுக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

வண்டியை அணைத்து அந்தக் காயிலைத் தூக்கினேன். அடி ரப்பரிலிருந்து சொட்டியது. செல்போன் வெளிச்சத்தை அது உட்கார்ந்திருந்த குழிக்குள் அடித்துப் பார்த்தால், பிளக் கழுத்து வரை தண்ணீரில் நின்றிருந்தது. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் தண்ணீர் வழியே ஓடிவிட்டால் பெட்ரோல் எப்படிப் பற்றும்? கடல் சாரலாகத்தான் இருக்கும் என்று விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். எண்ணெய் நாற்றம் இருந்தது, துரு இருந்தது. உப்பு இல்லை. குழாயடியில் வரிசையில் நின்று பிடித்து வருகிற நல்ல தண்ணீர்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். உள்ளே போய்க் கேட்டேன்.

"நைனா, வண்டி இன்ஜின்ல தண்ணி ஊத்தினியா?"

"ஆமாம்மா. உப்பு பூத்துக் கெடந்துச்சு, கழுவுனேன். போட்டு இன்ஜின நல்ல தண்ணிலதான கழுவுவோம்?"

உண்மைதான். கடலிலிருந்து வந்ததும் எங்கள் குப்பத்தில் முதல் குடம் நல்ல தண்ணீர் படகு இன்ஜினுக்குத்தான். மனிதர்கள் பிறகு குளிப்பார்கள். கடலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்ட மனிதர், பழக்க தோஷத்தில் செய்துவிட்டார் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "இது போட்டு இல்ல நைனா, கார்" என்று ஒரு பாட்டுப் பாடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

துணியைத் திரித்துக் குழிக்குள் விட்டு ஒற்றி எடுத்தேன். சைக்கிள் பம்பால் ஊதிக் காயவைத்தேன். பிளக்கைக் கழற்றினால் பீங்கானில் கரண்ட் ஓடிய தடம், தலைமுடி போலக் கறுப்புக் கோடு. கையிருப்பில் இருந்த புதுப் பிளக்கைப் போட்டு, காயிலுக்கு வேறு ரப்பர் மாட்டி உட்காரவைத்தேன். போல்ட்டை முடுக்க ஸ்பேனரைத் தேடும்போதுதான் உறைத்தது. காயிலைக் கழற்றும்போது இந்த போல்ட்டுக்கு ஸ்பேனரே போடவில்லையே. அது விரலுக்கே வந்துவிட்டது. பக்கத்துக் காயிலின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், இறுகிக் கிடந்தது.

மேலாகக் கழுவுகிறவர் காயிலைக் கழற்றமாட்டார். நடுக்கடலில் பிளக் நனைந்து இன்ஜின் நின்றால், கழற்றி லுங்கி முனையில் துடைத்துப் போட்டுக் கரைசேர்ந்த மனிதர் நைனா.

மறுபடி உள்ளே போனேன். கையில் இருந்த ஸ்பேனரையும் என் முகத்தையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"பிளக்குல தண்ணி எறங்கினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். குரலில் ஒரு சண்டையும் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொன்னா நீ கத்துவ, அழுவ. வண்டி நின்னுச்சுன்னா யார் மேலயும் பழி இல்ல."

ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்பேனரைத் தரையில் வீசினேன். உனக்காகத்தானே இந்தக் கார், உனக்காகத்தானே இந்தப் பாடு என்று என்னென்னவோ கத்தினேன். அவர் சொன்னபடியே அழவும் செய்தேன். அதில்தான் எனக்கு அதிக அவமானம்.

ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்: "சரி, இனிமே வண்டில கை வெக்கமாட்டேன். ஆனா ஒரு நாளு நீயா சொல்லு, 'இன்னிக்குப் போவ வேணாம் நைனா'ன்னு. நீ சொன்னா போதும்."

நான் போய் வண்டியைக் கிளப்பினேன். நாலு சிலிண்டரும் பிசிறில்லாமல் ஓடின. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நான் கூப்பிடுவதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகு வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. நைனா அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. ஏறுவதற்கு முன், கதவைப் பிடித்தபடி நின்று என் முகத்தை ஒரு தரம் பார்க்கிறார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே "ஏறு நைனா" என்கிறேன்.