பதினேழாம் நம்பரின் மூளை வளர்ந்த கதை

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறுவருஷம் எனக்கு மூளை திருத்தும் வேலை கிடைத்தது. தினமும் மரக்காணத்தில் பஸ் ஏறி பொம்மையார்பாளையத்தில் இறங்குவேன். அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். "மூளைல தப்பு இருந்தா சரி பண்றோங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு ஜன்னல் ஓரத்து சீட் காலியானால் அவரே கூப்பிட்டு உட்கார வைப்பார்.

உண்மையில் தப்பு மூளையில் இல்லை, சாஃப்ட்வேரில். வெளிநாட்டில் மறதி நோய்க்காரர்களுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் எங்களுக்கு வரும். சாஃப்ட்வேர் தானாகவே மண்டையோட்டை நீக்கிவிட்டு, மூளையின் விளிம்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டு, மூளையின் மேல்தோல் எவ்வளவு தடிமன் என்று அளந்து சொல்லும். இதற்கு அது ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரம் யோசித்தும், மூளைக்கு மேலே ஒட்டியிருக்கும் ஜவ்வைச் சில இடங்களில் மூளை என்றே நினைத்துக் கோட்டை அதற்கும் வெளியே போட்டுவிடும். அந்த ஜவ்வை மவுஸால் அழித்துவிட்டு சாஃப்ட்வேரை மறுபடி ஓடவிட வேண்டும். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி ஒரு தலைக்கு இருநூறு படத்துக்கு மேல் இருக்கும்.

ஆபீஸ் ஒரு சிமென்ட் கடையின் மாடியில் இருந்தது. நாங்கள் மூன்று பெண்கள், ஒரு சார். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவருடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "ஜவ்வை அழிக்கிறேன்னு மூளையைக் கடிச்சிடாதீங்கம்மா." அதற்குப் பிறகு எங்கள் படங்களைத் திறந்தால், மூளையை யாராவது கடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

நான் யாரையும் கடிக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றிரண்டு பேரைக் கடித்திருந்தார்கள். எனக்குக் கை நிதானம் என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. நம்பரும் வயசும்தான். ஆனால் மண்டையோட்டை நீக்குவதற்கு முந்தின படத்தில் பக்கவாட்டில் முகம் தெரியும். பதினேழாம் நம்பருக்கு எழுபத்தி மூன்று வயசு, நல்ல பெரிய மூக்கு. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவருக்கு மூக்கர் என்று பெயர் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து, உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவும்போதே கேட்பாள்.

"மூக்கருக்கு எப்பிடிடீ இருக்குது?"

"இன்னும் பாதித் தலை பாக்கி இருக்குதும்மா" என்பேன்.

என்னிடம் வந்த இருபது பேரும் ஏதோ புது மாத்திரை சாப்பிடுகிறவர்கள். போன வருஷம் எடுத்த படங்களை வெளிநாட்டிலேயே திருத்தி அளந்து வைத்திருந்தார்கள். இந்த வருஷத்துப் படங்களை நான் திருத்தி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. இருபது பேருக்கும் மூளையின் தோல் தடித்திருக்கிறதாம். மறதி வந்தால் அது மெலிந்துகொண்டே போக வேண்டும். பதினேழாம் நம்பருக்குத்தான் எல்லோரையும்விட அதிக வளர்ச்சி. சார் ஜாங்கிரி வாங்கி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை என் வேலையை நிரந்தரமாக்கி ஆர்டர் தருவதாகச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னதும் அம்மன் கோயிலுக்குப் போய் மூக்கருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பெயர் கேட்டதற்குத் தெரியாது என்றாளாம். நட்சத்திரம் கேட்டதற்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அம்மா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவள். லீவு நாட்களில் நானும் வாரியிருக்கிறேன். அவள் சாப்பிடட்டும் என்று பலகையை வாங்கி ஒரு பாத்தியில் இறங்கினேன். உப்பு வாரும்போது பலகையை அடிவரைக்கும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் களிமண்ணும் சேர்ந்து வந்து உப்பு பழுப்பாகிவிடும். அதனால் மெல்லிசாக ஒரு படலத்தை விட்டுவிட்டுத்தான் வாருவோம். இதை யோசித்து யாரும் செய்வதில்லை, கை அதுவாகச் செய்யும். நாலு இழுப்பு இழுத்திருப்பேன். பலகை போன வழியில் வெள்ளையாகத் தங்கியிருந்த படலத்தைப் பார்த்தேன். பலகையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏண்டி நின்னுட்ட?" என்றாள் அம்மா, வாயில் சோற்றோடு.

"ஒண்ணுமில்லம்மா."

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பதினேழாம் நம்பரைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஜவ்வை அழித்திருந்த இடங்களிலெல்லாம், மூளைக்கு மேலே ஒரே ஒரு படலம் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. ஒழுங்காக, ஒரே சீராக. சாஃப்ட்வேர் அதையும் மூளை என்று சேர்த்து அளந்திருந்தது. மூளையின் தோலே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நான் அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் இனாமாகக் கொடுத்திருந்தேன். மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. இருபது படத்தையும் திறந்தேன், இருபதும் அப்படித்தான்.

பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துவிடும். சொன்னால் வேலை போய்விடும், மறுபடி அம்மாவோடு பாத்தியில் நிற்க வேண்டியதுதான். நான் சொல்லாமல் விட்டால் அந்த மாத்திரையை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுப்பார்களோ தெரியாது. மத்தியானம் வரைக்கும் தள்ளிப்போட்டேன். சார் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

"இருபது பேருக்கும் சார்."

டிபன் பாக்ஸை மூடினார். "ஏம்மா ஒரு படலம் விட்டீங்க?"

"அடிவரைக்கும் வாரினா மண்ணு வந்துடும் சார்."

"மூளைலயா?"

"பழக்கம் சார்."

சார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நடந்ததை எழுதி மெயில் அனுப்பினார். மண் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அங்கிருந்து ஒரே வரியில் நன்றி என்று பதில் வந்தது. வேலை போகவில்லை. சார் ஆர்டரை ஆறு மாசம் தள்ளிப்போட்டு, இருபது தலையையும் முதலிலிருந்து திருத்தச் சொன்னார்.

ஒவ்வொரு தலையாகப் படலத்தை எடுத்தேன். கை ஒத்துக்கொள்ளவே இல்லை, ஒவ்வொரு தரமும் மேலேயே நின்றது. வலது கையைத் திட்டிக்கொண்டே அழுத்த வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் ஒரு நாள் ஓடி முடிக்கும், மறுநாள் தடிமன் குறைந்திருக்கும். பதினேழாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவருக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, எதையும் கடிக்காமல், எதையும் விடாமல் செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தேன். போன வருஷத்தைவிட நன்றாகவே மெலிந்திருந்தது. இருபது பேரில் அவருக்குத்தான் அதிகம். முன்பு அவர்தான் அதிகம் வளர்ந்தவராகத் தெரிந்ததற்குக் காரணம், அவருக்கு ஜவ்வு நிறைய, நான் படலம் விட்டதும் நிறைய இடத்தில். சரியானதைத்தான் செய்தேன் என்று தெரியும். ஆனாலும் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து, சரிபார்த்தாயிற்று என்ற பட்டனை அழுத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூக்கருக்கு எப்பிடிடீ இருக்குது?"

"நல்லா இருக்காரும்மா."

"அதான பாத்தேன். அம்மன் விட்டுடுவாளா" என்று சொல்லிவிட்டு, வெடிப்பு விழுந்த குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவ உட்கார்ந்தாள்.

அம்மா போய்ச் சேர்கிற வரைக்கும் அவ்வப்போது அவரை விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதை மட்டும் நான் திருத்தவில்லை.