இரைச்சலும் ஒரு சேதிதான்

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருடமாக ஒயர்லெஸ் பெட்டிக்குக் காது கொடுத்தவளை எல்லோரும் காதுக்காரி என்றே கூப்பிட்டார்கள். ஊருக்கு மேலே இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஒன்றின் காவல் குடிசையில் அவள் அண்ணன். மற்றதில் அவள் கணவன். இருவருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு நீர்மட்டமும் சேர்ந்து இருபது அடியைத் தாண்டினால் பொறியாளர் தன் மேசைப் பொத்தானை அமுக்குவார், சங்கு ஊதும், பள்ளத்தெரு காலியாகும்.

குடிசைகளுக்கு நடுவே பழைய டெலிபோன் கம்பி ஒன்று இருந்தது.

"என்ன மாப்ளே, உன் ஆறு தூங்குதா?"

"உன் தங்கச்சி முழிச்சிருக்கிறவரைக்கும் இங்க எது தூங்கும் மச்சான்?"

இந்த வம்புக்கு நடுவிலேயே எண்களைக் கூட்டிவிடுவார்கள். பிறகு ஒருவர் மட்டும் ஒயர்லெஸ்ஸில் பேசுவார். புதிதாக வந்த பொறியாளர், வெட்டிப்பேச்சு என்று கம்பியைப் பிடுங்கச் சொன்னார். கேட்பதுதானே உன் வேலை என்று, இவள் பெட்டியின் பேசும் பொத்தானையும் கழற்றிவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா ஒண்ணுமே கேக்காது சார்."

"மோதினா பத்து எண்ணிட்டு மறுபடி பேசட்டும்."

"ரெண்டு பேருமே பத்துதானே சார் எண்ணுவாங்க?"

"நீ என்ன கணக்கு டீச்சரா?"

மலையில் மழை பெய்தால் இரண்டு ஆறும் சேர்ந்தேதான் ஏறும். அவசரமும் இருவருக்கும் ஒரே நொடியில்தான் வரும். இதற்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் பெற்றவருக்குத்தான் புரியவில்லை.

அன்று மதியம் பெட்டி கிறீச்சிட்டது. அடங்கியது. பத்து எண்ணும் நேரம் கழித்து மறுபடி கிறீச்சிட்டது. இரண்டு ஒழுங்கான ஊழியர்கள், விதியை ஒரு நொடி பிசகாமல் கடைப்பிடித்து, ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பொறியாளருக்கு போன் போட்டாள்.

"சார், சங்க ஊதுங்க!"

"நம்பர் என்ன?"

"நம்பர் வரல, இரைச்சல்தான் வருது. ரெண்டு பேரும் விடாம கத்துறாங்கன்னா ரெண்டு ஆறும் ஏறுதுன்னுதானே அர்த்தம்?"

"இரைச்சலக் கேட்டு ஊரைக் கிளப்ப முடியாதும்மா."

கால் மணி நேரம் கெஞ்சினாள். ஊமைப் பெட்டியைப் பார்த்து, "யாராவது ஒருத்தர் கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று கத்தினாள்.

திடீரென்று அண்ணன் குரல் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. "பன்னிரண்டு அடி! பன்னிரண்டு அடி!"

இது தெளிவாகக் கேட்கிறது என்றால், கணவன் குரல் நின்றுவிட்டது.

"ஒண்ணு பன்னிரண்டு சார்."

"இன்னொண்ணு?"

பெட்டியைப் பார்த்தாள். திருப்பிக் கேட்க அதில் பொத்தானில்லை. சொல்ல அங்கே ஆளில்லை.

"பதிமூணு" என்றாள், தானே இட்டுக்கட்டிய ஓர் எண்ணை.

சங்கு ஊதியது. தெருவில் கதவுகள் திறந்தன, ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. இப்போது அலைவரிசையில் எந்த மோதலும் இல்லை.

"மாப்ளே, நீ எவ்வளவுன்னு சொன்னே?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.