டாக்டர் வரட்டும்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பழுது பார்ப்பதோ இயந்திரங்களை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். முதலுதவிப் பயிற்சிக்கு ஒரே ஒரு நாள் போய்வந்ததில் கிடைத்த பட்டம் அது.

சேவை செய்யும் ஆசையில் ஒன்றும் அவர் போகவில்லை. யாராவது ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்று விதி இருந்தது. மேனேஜர் கேட்டபோது ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் அசடு மாதிரி நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தார். தலையில் கட்டிவிட்டார்கள்.

காலில்லாத ரப்பர் பொம்மை ஒன்றின் நெஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு, கையில் முதலுதவிக்காரர் கட்டும் பச்சைப் பட்டையோடு திரும்பினார். பொம்மையைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பயிற்சி கொடுத்த அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுற்றி நிற்பவர்களில் ஒருவரைக் கைகாட்டி, "நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று உரக்கச் சொல்ல வேண்டும். டாக்டருக்கு அது ஒரு பாடமாகவே படவில்லை. போன் பண்ணத் தெரியாதவன் எவன் இருக்கிறான்?

அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கணக்கருக்கு வாழைப்பழம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மனிதர் நீலம் பாரித்துவிட்டார். டாக்டர் பின்னாலிருந்து வயிற்றைக் கட்டிப்பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கியதில் பழம் தெறித்து மேனேஜரின் மேசை மேல் விழுந்தது. அன்றிலிருந்து டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தலைவலிக்காரர்கள் வந்தார்கள், குதிகால் வலிக்காரர்கள் வந்தார்கள், மாமியாரின் சர்க்கரையைப் பற்றி யோசனை கேட்க ஒருத்தி வந்தாள். அவரும் முகத்தை இறுக்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டு வைத்தார்: "எதுவா இருந்தாலும் முதல்ல என்னைக் கூப்பிடுங்க. நீங்களா எதையாவது பண்ணி வைக்காதீங்க." பிறந்ததிலிருந்து யாரும் மதித்துக் கூப்பிடாத மனிதர். அதைச் சொன்னதற்காக அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அவருடைய தங்கையின் புருஷனும் அங்கேதான் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். வேலை வாங்கிக் கொடுத்தவரே டாக்டர்தான். "மச்சான், வேலை செய்யச் சோம்பலா இருக்கு, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று தினமும் வம்புக்கு இழுப்பான்.

"உனக்கு மாட்டு ஊசிதான் மாப்ள" என்பார் இவர்.

அவன் ஒரு நாள் பெட்டிக்கட்டைத் தூக்கினவன், தூக்கின வாக்கிலேயே சரிந்துவிட்டான். டாக்டர் அப்போது மேல்தளத்தில், வெட்டும் இயந்திரத்துக்குள் தலையை நுழைத்துக் கிடந்தார். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒருவன் அவரைத் தேடிக் கேன்டீனுக்கு ஓடினான், கழிப்பறைக்கு ஓடினான், பின்வாசலுக்கு ஓடினான். கீழே மற்றவர்கள் வட்டம் கட்டி நின்றார்கள். ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. "தப்பா ஏதாவது பண்ணிடாதீங்கப்பா, டாக்டர் வரட்டும்" என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள்.

ஒருவழியாகத் தகவல் எட்டி டாக்டர் விழுந்தடித்து வந்து, மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினார். பொம்மையின் நெஞ்சு இப்படி இல்லை. இதில் வேர்வை இருந்தது. உள்ளே ஏதோ நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. அழுத்திக்கொண்டே கத்தினார்: "ஆம்புலன்ஸ் எங்கய்யா?"

 கணக்கர்தான் மெல்லச் சொன்னார்: "நீங்க வந்து பார்த்துட்டுச் சொல்வீங்கன்னு இருந்தோம்..."

அத்தனை பேர் சட்டைப்பையிலும் போன் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றிக்கொண்டும் போனது. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தங்கை அவரை ஏசவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் கலைந்துபோன பிறகு, சுவரைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணா, நீ அந்தப் படிப்புக்குப் போகாம இருந்திருந்தா, யாராவது ஒருத்தர் போன் பண்ணியிருப்பாங்க இல்ல?"

 இப்போதும் அவர் அவள் வீட்டுக்குப் போகிறார். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அவர் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

பயிற்சியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். இந்தத் தடவை டாக்டரும் தரையைத்தான் பார்த்தார்.

"ஏற்கெனவே பழக்கப்பட்டவர், நீங்களே போயிட்டு வந்துடுங்களேன்."

"எனக்கு வேணாம் சார். அனுப்பறதா இருந்தா எல்லாரையும் அனுப்புங்க."

"எல்லாரும் போயிட்டா மெஷினை யாரு ஓட்டறது? ஒருத்தர் போதும்னுதான் விதியே இருக்கு."

போனார். அதே கூடம், அதே காலில்லாத பொம்மை, சுற்றிலும் வேறு வேறு கம்பெனிகள் பிடித்துத் தள்ளிய ஆட்கள். அவர் முறை வந்தது. மண்டியிட்டார். தொடுவதற்கு முன்னால் நிமிர்ந்து, எதிரே நின்ற பெண்ணைக் கைகாட்டினார்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!"

அவர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் பின்வாங்கினாள். பின்வரிசையில் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாளும் சிரித்துவிட்டு, "போதும் சார், பண்ணிட்டாங்க. அடுத்தது என்ன, அழுத்துங்க" என்றார்.

அவர் அழுத்தவில்லை. அந்தப் பெண்ணின் வெறுங்கையையே பார்த்தபடி மறுபடியும் கத்தினார்.

"போன் பண்ணும்மா!"