சுவரும் தண்ணீரும் சேரும் இடம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எனக்குப் பட்டாசு. இரண்டையும் வைத்தவர் எங்கள் துறைத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்பவர். அவள் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். நான் வாயைத் திறந்தால் வெடிப்பேன். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள், அதனால் எனக்கு எப்போதும் அக்கா. போன வருஷம் அவள் வேலையை விட்டுப் போகும்வரை, பதினாறு வருஷம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவளைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமானவர்கள் இருப்பார்கள். ஆனால் விஷயம் முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், வேறு வழியில்லை.

விண்வெளித் துறையில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். "ராக்கெட்டையெல்லாம் கிட்டப் போய்ப் பாத்திருக்கியா?" என்று என் சின்ன மாமனார் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ராக்கெட்டாவது கீக்கெட்டாவது! மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது, பூமியைப் படம் எடுத்து அனுப்புகிறது. கீழே ஏசி போட்ட ஒரு அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, இது வயல், இது காடு, இது தண்ணீர் என்று அந்தப் படத்தின் மேல் கோடு போடுகிறோம். முதுகுவலியும் கண்ணெரிச்சலும்தான் நாங்கள் கண்ட விண்வெளி.

அக்கா போட்ட கோட்டில் யாரும் குறை கண்டுபிடித்ததில்லை. அவள் பட்டம் வாங்கிவிட்டு நேராக இங்கே வந்தவள் இல்லை. நில அளவை அலுவலகத்தில் பழைய வரைபடங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தவள், வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடி, பரீட்சை எழுதி, உள்ளே நுழைந்தாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் மாதப் பாடம் நடத்துவதும் அவள்தான். அதில் ரேடார் படத்தைப் பற்றி அவள் சொல்வது எனக்கு மனப்பாடம். மேகம் மூடியிருந்தாலும் ரேடார் படம் எடுத்துவிடும், அதனால் வெள்ளத்துக்கு அதுதான் கதி. ரேடார் அனுப்புகிற அலை, அசையாத தண்ணீரில் பட்டால் வேறு பக்கம் சறுக்கிப் போய்விடும், திரும்பி வராது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பு, வீடுகள் வெளுப்பு. ஆனால் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால், சுவரும் தண்ணீரும் சேரும் இடத்தில் அலை இரண்டிலும் பட்டு அப்படியே முழுசாகத் திரும்பி வரும். அந்த இடம் காய்ந்த வீட்டைவிட இன்னும் பளிச்சென்று தெரியும்.

"வெள்ளையைப் பாத்து ஏமாந்துடாதீங்க. ரொம்பப் பளிச்சுன்னு இருந்தா அங்கேதான் ஆளுங்க தவிச்சிக்கிட்டு இருப்பாங்க," என்பாள்.

அந்தத் தப்பை அவளே செய்தாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை. மூன்று நாள் விடாத மழையில் ஆறு கரையை உடைத்திருந்தது. ஆறேகாலுக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்தது. எட்டு மணிக்குள் வரைபடம் வெளியாக வேண்டும். தண்ணீர் நிற்கிற இடம் நீலம், காய்ந்த இடம் வெள்ளை. படகு எங்கே போகவேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், ஜனங்களும் ஃபோனில் பார்ப்பார்கள். அக்கா மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. கறுப்புக்கு நடுவில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வீடுகள், காய்ந்த இடம் என்று நினைத்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு வெள்ளையாக விட்டுவிட்டாள்.

ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், அது எங்கள் சட்டம். மழைக்கு முந்தைய படத்தையும் திறந்து வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்திருந்தால் அந்த இடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வெளுத்திருப்பது ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பார்க்க வேண்டியவள் நான். நான் பழைய படத்தைத் திறக்கவே இல்லை. இன்னும் நாலு வரைபடம் வரிசையில் நின்றது. அதோடு, பூதக்கண்ணாடி போட்ட கோட்டை நான் என்ன சரிபார்ப்பது? கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டேன். அன்று மத்தியானம் கரை இன்னும் பெரிதாக உடைந்து அந்தக் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. பதினோரு பேர். படகுகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணை வந்தது. "படம் எடுக்கப்பட்ட பிறகு நீர்மட்டம் உயர்ந்திருக்கலாம்" என்று பெரியவர் ஒரே வரியில் பூசி மெழுகினார். அதற்குள் அக்கா பழைய படத்தைத் திறந்து பார்த்திருந்தாள். டீ குடிக்கிற அறையில் வந்து என் கையைப் பிடித்தாள். 

"காலையிலேயே அங்க தண்ணி இருந்திருக்குடி. நான் பாடம் நடத்துறேனே, அதே தப்பு. நான் சொல்லப் போறேன்."

"வாயை மூடுக்கா! நீ சொன்னா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா? உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும். என் வீட்டுக்காரர் வேற படுத்த படுக்கையா கிடக்கிறார்."

என் வீட்டுக்காரர் அப்போது இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தது உண்மைதான். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து அதை எடுத்து விட்டேன் பாருங்கள், அதுதான் நான். அக்கா என் கையை விட்டாள். பிறகு இரண்டு பேரும் போய் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட்டோம்.

அன்றைக்குப் பிடித்தது அவளை. பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை அந்தச் செயற்கைக்கோள் அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தைப் படம் எடுக்கும். படம் வந்து இறங்கியதும் அக்கா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்த ஒரு சதுரத்தைத் திறப்பாள். அங்கே வீடு என்று ஒன்றுமே இல்லை, மணலும் புல்லும்தான்.

"இன்னைக்கும் பளிச்சுன்னு இருக்கு பாரு," என்பாள்.

எட்டிப் பார்ப்பேன். மங்கலான சாம்பல் நிறம்தான் இருக்கும். "முதல்ல கண் டாக்டரைப் போய்ப் பாருக்கா," என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள், ஆனால் படத்தை மூடமாட்டாள்.

ஒரு தடவை அவள் சாப்பிடப் போயிருந்தாள். திரை திறந்தே இருந்தது. மூடிவிடலாம் என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இடம் பளிச்சென்று இருந்தது. புள்ளி புள்ளியாக. எண்ணினேன், பதினொன்று.  படத்தை மூடி மறுபடி திறந்தேன். சாம்பல். இதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. அன்றைக்கு அப்புறம் கிண்டலும் செய்யவில்லை.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர், பரம சாது. ஒருநாள் கழுத்தில் அளவு நாடாவோடு என்னைத் தேடி வந்துவிட்டார்.

"வீடு துடைச்சா ஈரம் காயுற வரைக்கும் சுவர் ஓரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாம்மா. கூப்பிட்டாலும் காதுல விழல. நீ கூடவே இருக்கிறவ. அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லேன்."

"ஒண்ணுமில்லண்ணே, வேலை அதிகம்," என்றேன். பாவம், நம்பிப் போய்விட்டார்.

பதவி உயர்வு இரண்டு முறை வந்தது, அக்கா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பாடம் நடத்துவதையும் நிறுத்தினாள். கல்லூரிப் பெண்கள் எங்கள் துறையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். பெரியவர் வற்புறுத்தியதால் ஒரு வருஷம் மட்டும் அவர்கள் முன்னால் போய் நின்றாள். "இந்த வேலைக்கு முக்கியமா என்ன மேடம் வேணும்? கணக்கா, கம்ப்யூட்டரா?" என்று ஒரு பெண் கேட்டது.

"பயம் வேணும்மா. நமக்கு இல்லைன்னா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்காவது இருக்கணும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் குனிந்து, கொடுத்து முடித்த கையேடுகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனங்கள் எழுதுகிற கடிதங்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. ஐந்தாவது வருஷம் ஒரு பஸ் டிரைவரிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளம் வந்த அன்று அவர் வண்டியோடு வெளியூரில் மாட்டிக்கொண்டாராம். காலையில் மனைவி ஃபோன் செய்து, வாசலில் தண்ணீர் நிற்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போகட்டுமா என்று கேட்டாளாம். "நான் உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் தெரு வெள்ளையாக இருந்தது. அது வெறும் மழைத் தண்ணீர், வெளியே இறங்காதே என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் படத்தைத் தப்பாகப் படித்துப் பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்கிறார் என் மாமியார். நான் படித்தது தப்பா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

மூன்று நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலாவது நாள், "வரைபடங்களைப் படிக்கும் முறைக்கு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்" என்கிற அச்சடித்த பதிலை அனுப்பினேன். அடுத்த வருஷம் அதே கேள்வியோடு இன்னொரு கடிதம் வந்தது. அதற்கும் அதே பதில்தான். மனசாட்சி என்று ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது, அதன் வாயையும் அடைத்து வைத்திருந்தேன்.

ஏழாவது வருஷம் மூன்றாவது கடிதம் வந்த அன்று நான் லீவு. தபால் அக்கா கைக்குப் போய்விட்டது. மறுநாள் நான் உள்ளே நுழைந்தபோது மூன்று கடிதமும் என் மேஜையில் வரிசையாக இருந்தன. பழைய ஃபைலைத் தோண்டி எடுத்திருந்தாள்.

"இவருக்குப் போய் இணையதளத்தைப் பாருன்னு எழுதினியா? ரெண்டு தடவை?"

 எனக்குக் கைகொடுப்பது எப்போதும் கோபம்தான். "வேற என்ன எழுதச் சொல்றே? ஆமாங்க, நாங்கதான் கொன்னோம்னு எழுதவா?"

"ஆமா. அதைத்தான் எழுதியிருக்கணும்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "தான்தான் கொன்னோம்னு நெனச்சுக்கிட்டு ஏழு வருஷமா அந்த மனுஷன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கார். நாளைக்கு அவரை வரச் சொல்லிட்டேன். வேலை போனாப் போகட்டும். உன் பேரை நான் எடுக்க மாட்டேன், பயப்படாதே."

அப்படிச் சொன்னதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். 

மறுநாள் பத்து மணிக்கு டிரைவர் வந்தார். காக்கிச் சட்டை, வழித்து வாரிய தலை, மத்தியானம் டியூட்டிக்குப் போகவேண்டும் என்றார். என்னை யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் பார்வையாளர் அறையில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா இரண்டு படங்களையும் மேஜையில் விரித்தாள். மழைக்கு முன்னால் எடுத்தது, அன்று காலை எடுத்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க. வெள்ளைன்னா தண்ணி இல்லைன்னுதான் அர்த்தம். அங்க நீலம் போட்டிருக்கணும், போடல. தப்பா வரைஞ்சது நான்."

"அப்ப நான் படிச்சது சரி?"

"சரி."

"வெள்ளைன்னா தண்ணி இல்ல."

"இல்ல."

"சரியாத்தான் படிச்சிருக்கேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கத்துவார், மேஜையைத் தூக்கிப் போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். உங்கள் பேச்சைக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை என்பதுபோல் அக்கா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததைக் கையசைத்து நிறுத்தினார்.

"இதை எங்க மாமியார்கிட்ட ஒரு தடவை சொல்லணும் மேடம். அவங்களுக்கு இருந்தது ஒரே பொண்ணு. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு அவங்க வீட்டுக்குப் போவேன். என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திடுவாங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டாங்க. உங்க ஃபோன்ல இருந்து பேசுங்க."

அக்கா நம்பரைப் போட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள். தான் யார் என்று சொன்னாள், செய்ததைச் சொன்னாள், மருமகன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னாள்.  அந்த அம்மா கேட்டார்:

"ஏம்மா, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாக்க மாட்டீங்களா?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஃபோனையே பார்த்தபடி இருந்தாள். நான் ஃபோனைக் கையில் எடுத்தேன்.

"பாக்கணும்மா. பாக்க வேண்டியவ நான். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதின கடிதத்தையும் ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருந்தேன். எங்களை மன்னிச்சிடுங்கம்மா."

"நீ என்கிட்ட சுலபமா மன்னிப்புக் கேட்டுட்டே," என்றார் அந்த அம்மா.  "ஏழு வருஷமா மாப்பிள்ளை முகத்துல கதவைச் சாத்தினேனே. நான் அவர்கிட்ட எப்படிம்மா கேப்பேன்?"

 எதிரே டிரைவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனை அவரிடம் கொடுத்தேன்.