பிழையான ஊர்வலத்தில் ஒரு மலர்வளையம்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தேன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் அனெக்ஸில் தனியாகக் குடியிருந்தேன். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இவ்வளவும் தெரிந்தால் மிச்சக் கதை சுலபமாக விளங்கும்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஒரு சிங்களப் பெண். அவளுடைய அம்மா காலமாகிவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, வெள்ளவத்தைப் பாலத்தடியில் உள்ள வீட்டிலிருந்து பிரேதம் எடுத்து, கல்கிசை மயானத்துக்கு நடந்தே போவதாக ஏற்பாடு. எல்லோரும் சேர்ந்து ஒரு மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெள்ளைச் சேலை உடுத்தி, புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு, பம்பலப்பிட்டியில் வளையத்தை வாங்கி பஸ் ஏறினேன். வழியில் செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு வளையத்துக்கு இரட்டைச் சோதனை. ஒவ்வொரு பூவையும் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்த ஊர்வலத்தைக் கண்டேன். முப்பது பேரளவில், எல்லோரும் வெள்ளை உடுப்பு, இரண்டு இரண்டு பேராக, சத்தமில்லாமல் காலி வீதியில் கல்கிசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஓர் அம்மா எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பெட்டியைக் காணவில்லை. வாகனத்தில் முன்னாலே போயிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். சிநேகிதியும் அதோடு போயிருப்பாள். ஓடிப்போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

கடைசி வரிசையில் ஒரு மனிதர் தனியாக நடந்துகொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடந்தேன். என்னைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், எனக்கு இடப்பக்கமாக மாறிக்கொண்டார். இடது காது கேட்காது, வலது காதில்தான் கதைக்க வேண்டும் என்று சைகை காட்டினார்.

மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருக்க என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது மரக்கறிக் கடைச் சிங்களம். தம்பி என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மல்லி'யைப் போட்டு, அதில் உரக்கக் கேட்டேன். (நாங்கள் கதைத்ததை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.)

"அம்மாவுக்கு என்ன வருத்தம் மல்லி?"

"எந்த அம்மா?"

"செத்துப்போன அம்மா."

"அம்மா சாகேல்லை. அந்தா, முன்னுக்குப் போறா. செத்தது மகன்."

மெல்ல மெல்ல விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவின் மகன் இராணுவத்தில் இருந்தவர். உயிரோடு விலகி வீட்டுக்கு வந்து, இரண்டாம் மாதம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அம்மா நெஞ்சோடு அணைத்திருந்தது அவருடைய படம். ஊரில் எல்லோரும் அதை விபத்து என்று சொல்லி மூடிவிட, "என்ன நடந்ததெண்டு வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்த பிள்ளை தப்பும்" என்று அந்த அம்மா பிடிவாதமாக நின்றார். இதே துக்கம் நடந்த வீடுகளைத் தேடிப்பிடித்து, பொலிஸில் அனுமதி எடுத்து, இந்த நடையை ஏற்பாடு செய்திருந்தார். என்னோடு நடந்தவர் அந்த மகனின் கூட்டாளி. அவரும் முன்னாள் படைவீரர்தான். குண்டு வெடித்ததில் ஒரு காது போய், மற்றதும் மந்தமாகி, படை வேலையை விட்டு, மொரட்டுவையில் ஒரு தச்சுப்பட்டறையில் தளபாடங்களுக்கு பொலிஷ் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஷெல் விழுந்து போனது. அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில் படுத்தார்கள். நான் எதற்கு இவர்களோடு நடக்க வேண்டும்? நின்றுவிட்டேன். அவரும் நின்றார். "போறதெண்டால் போங்கோ அக்கே, பரவாயில்லை. என்னோடை நடக்க வேண்டிய ஆளும் வரேல்லை," என்றார். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் என்னைப் போகவிடாமல் செய்தது. வேறு எந்த ஞானமும் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஒரு கையிலும் வளையத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலும் புண்ணாகியிருந்தது.

கல்கிசைக் கடற்கரையில் நடை முடிந்தது. அந்த அம்மா மகனின் படத்தை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்தார். எல்லோரும் என் வளையத்தையே பார்த்தார்கள். வேறு வழியில்லை, கொண்டுபோய் வைத்தேன். அம்மா குனிந்து ரிப்பனில் இருந்த சிங்கள எழுத்தை வாசித்தார்: 'பாசமிகு தாயாருக்கு, அலுவலக நண்பர்கள்.' நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழு உண்மையையும் கக்கினேன். அவர் ரிப்பனை இன்னொரு முறை வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மகன் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு கிழமை சிரித்திருப்பான் என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள்.

கலையும் முன் அந்த அம்மா ஒரு சட்டம் சொன்னார். சோடியாக நடந்தவர்கள் ஒரு வருடத்துக்கு, ஞாயிறுதோறும் பின்னேரம் நான்கு மணிக்கு, ஒருவருக்கொருவர் போனில் கோல் எடுக்க வேண்டும். இந்தக் கிழமை எப்படிப் போனது என்று கேட்க வேண்டும். 'ஹொந்தய்', அதாவது 'நல்லாயிருக்கிறன்', என்ற ஒற்றைச் சொல் பதிலாகச் செல்லாது. நடந்தது எதையாவது சொல்லியே ஆக வேண்டும். நான் பிழையாக வந்த ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். "நடந்தனீங்களெல்லோ?" என்று கேட்டு என் நம்பரை எழுதி வாங்கி, தன் நம்பரையும் என் சோடியின் நம்பரையும் எழுதித் தந்துவிட்டார்.

அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பிய பக்கத்து மேசைக்காரி இரண்டு நாளைக்கு என்னோடு கதைக்கவில்லை. மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே பிரேதத்தை எடுத்துவிட்டார்களாம். மூன்றாம் நாள் கதையைக் கேட்டுச் சிரித்து, அதன் பிறகு என் சிங்களத்தைத் திருத்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள்.

எங்கள் ஞாயிறுகள் தொடங்கின. போன் வீட்டுக்கார அக்காவின் ஹோலில் இருந்தது. ஒரு கிழமை நான் எடுப்பேன், மறு கிழமை அவர் எடுப்பார். அவருக்குக் காது மந்தமானதால் நான் கத்த வேண்டும். ஒழுங்கை முழுக்கக் கேட்கும். "பிள்ளை, ஆமிக்காரனோடை இப்பிடிக் கத்திக் கதைச்சால் சனம் என்ன நினைக்கும்?" என்று வீட்டுக்கார அக்கா வாசலில் காவல் நிற்பார். நாங்கள் கதைத்ததோ அவர் வீட்டுப் பூனை குட்டி போட்டது, நான் வைத்த பருப்பு அடிப்பிடித்தது, இவ்வளவுதான். ஒரு நாள் எங்கள் வீட்டுக் கூரையின் கதையைச் சொன்னேன். தானும் அப்போது படையோடு அந்தப் பக்கம் நின்றதாகச் சொன்னார். பிறகு, முற்றத்தில் மாமரம் நின்றதா, அது தப்பியதா என்று கேட்டார். தப்பியது என்றேன்.

நாலைந்து மாதம் கழிந்து, மழை கொட்டிய ஒரு ஞாயிறு. நான்தான் எடுத்தேன். எப்படி என்று கேட்டேன்.

"ஹொந்தய்."

"அது செல்லாது மல்லி."

"ஹொந்தய் அக்கே. ஹொந்தய்."

பூனையைப் பற்றிக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். குட்டிகளையுமா என்றேன். எல்லாவற்றையும் என்றார். கிழமைதோறும் பூனைக் கதை சொன்னவர், இனி ஒன்றும் வேண்டாம் என்பவர்போல அதைக் கொடுத்திருந்தார். நல்ல சிங்களம் தெரிந்தவர்கள் சுற்றி வளைத்து, மனம் நோகாமல் கேட்டிருப்பார்கள். என்னிடம் அவ்வளவு சொல் இல்லை. நேரடியாகவே கேட்டேன், கத்தித்தான் கேட்டேன்: "மல்லி, சாக யோசிக்கிறீங்களா?"

கேட்டதாலேயே ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. "ஓம் அக்கே," என்றார். பிறகு அழத் தொடங்கினார்.

போனைக் கீழே வைக்கவில்லை. அந்த அம்மாவின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுக்கார அக்காவிடம் கொடுத்தேன். ஒழுங்கை என்ன நினைக்கும் என்று கவலைப்பட்ட அதே அக்கா, மழையில் குடையும் இல்லாமல் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஓடினார். அந்த அம்மா அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். என்ன கதைத்தேன் என்று கேட்காதீர்கள். பருப்புக் கறி எப்படி வைப்பது என்று தொடக்கம் முதல் முடிவுவரை சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சில கிழமைகள் அங்கே இருந்தார். டொக்டரும் மருந்தும் கதைக்க ஆட்களுமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். வீடு திரும்பிய முதல் ஞாயிறு, பூனையைத் திருப்பிக் கேட்டதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் தரமாட்டேன் என்று சண்டை பிடிப்பதாகவும் சொன்னார். அவ்வளவு இனிமையான சண்டையை நான் கேட்டதே இல்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த சில மாதங்களில் ஒரு ஞாயிறு காலை, ஆமியும் பொலிஸும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். நான் அந்த அனெக்ஸுக்கு வருவதற்கு முன் கொட்டாஞ்சேனையில் இருந்தவள். கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவைப் புது விலாசத்துக்கு மாற்ற வேண்டும் என்று தெரியும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது என் சோம்பேறித்தனம். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் வாங்குப் பலகையில் இருத்தினார்கள். யாராவது வந்து பொறுப்பெடுத்தால் விடலாம் என்றார்கள். வீட்டுக்கார அக்காவின் பொறுப்பு போதாதாம். வேறு எனக்கு யார் இருக்கிறார்கள்? என் வாய்க்கு அன்று முழுதும் விடுமுறை.

பின்னேரம் ஐந்தரை இருக்கும். வாசலில் ஒரு குரல் கேட்டது. பொலிஷ் கறை படிந்த சட்டையோடு அவர் நின்றார். நான்கு மணிக்கு அவருடைய முறை. கோல் எடுத்திருக்கிறார். வீட்டுக்கார அக்கா விஷயத்தைச் சொல்ல, பட்டறையிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். தன் பழைய இராணுவ அட்டையை மேசையில் வைத்து, பொறுப்பதிகாரியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. காது மந்தமானவர்கள் மெல்லப் பேசுவதில்லை. "சேர், இவ என்ரை அக்கா. நான் இண்டைக்கு உயிரோடை நிக்கிறது இவ கேட்ட ஒரு கேள்வியாலை. என்ன எழுதித் தரவேணுமோ தாறன்."

அரை மணி நேரத்தில் கையெழுத்து வைத்து என்னை வெளியே கூட்டிவந்தார். காலி வீதியில் வெயில் இன்னும் இருந்தது. நான் சேலையைச் சரிசெய்து, ஒன்றும் நடக்காதவள் போல நடக்கத் தொடங்கினேன். அவர் வழக்கம்போல என் இடப்பக்கம் வந்து நின்றார்.

"அக்கே, எப்பிடி?"

"ஹொந்தய்," என்றேன்.

"அது செல்லாது."

அந்த இடத்திலேயே, பஸ் தரிப்பிடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், ஓவென்று அழுதேன். பயந்ததை, அவமானப்பட்டதை, இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும் அவருடைய வலது காதுக்குச் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவர் நின்று கேட்டார்.

அந்த ஒரு வருடம் முடிந்து எத்தனையோ வருடம் போய்விட்டது. இன்றும் ஞாயிறு நான்கு மணிக்கு அவருக்கோ, தனியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த வேறு யாருக்கோ கோல் எடுத்து எப்படி என்று கேட்கிறேன். 'சுகம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால், அன்று எனக்காக இரண்டு பஸ்ஸை விட்ட அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, போனை வைக்காமல் காத்திருக்கிறேன்.