ஏழாம் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு அழைப்பு

1. பகிடிப் பக்கம்

எங்கள் செய்தி ஆசிரியர் குணம் அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகக் கண்ட நாளிலேயே என் வேலையும் போகப் பார்த்தது. இரண்டுக்கும் காரணம் நான்தான். இப்போது நினைத்தால் தனியாக இருந்தே சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் நான் உதவி ஆசிரியராக இருந்த காலம் அது. குணம் அண்ணை வேலைக்கு வந்து முப்பத்தைந்து வருடம் முடிகிறது என்று கணக்காளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் தானாகச் சொல்லுகிற ஆள் இல்லை. பொன்னாடை, மாலை என்று கேள்விப்பட்டால் பின்கதவால் போய்விடுவார். அதனால் பக்கம் வடிவமைக்கிற றெஜியும் நானும் ஒரு வேலை பார்த்தோம். அவரைப் பற்றியே ஒரு பகிடிப் பக்கம் தயாரித்து, பிரேம் போட்டு, சனிக்கிழமை காலை கேக் வெட்டும்போது கையில் கொடுப்பது என்று முடிவெடுத்தோம்.

அந்தப் பக்கம் அசல் பத்திரிகை போலவே இருக்கவேண்டும் என்று றெஜி பிடிவாதமாக நின்றான். அந்த வார ஞாயிறு இணைப்பின் ஏழாம் பக்கம், அதே திகதி, அதே எழுத்துரு. தலைப்புச் செய்தி இதுதான்: "செய்தி ஆசிரியர் சிரித்ததாகத் தகவல், அதிகாரிகள் மறுப்பு". அதற்குக் கீழே, "‘நேற்று முன்தினம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘முந்தநாள்’ என்று எழுதிய நிருபர் மயிரிழையில் உயிர் தப்பினார்". வானிலைப் பெட்டியில், "செய்தி மேசையை அண்டிய பகுதிகளில் காலை பத்து மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய ஏச்சு எதிர்பார்க்கப்படுகிறது". எழுத எழுத எனக்குக் கை நிற்கவில்லை. சம்பளத்துக்கு எழுதிய எதையும் நான் அவ்வளவு சந்தோசமாக எழுதியதில்லை.

2. மலரக்கா

பக்கத்தில் ஒரு இடம் மிச்சம் கிடந்தது. சின்ன வயதுப் படம் ஒன்று கேட்டு, அவருக்குத் தெரியாமல் அரியாலையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மலரக்கா முன்பல் விழுந்த ஒரு படத்தைத் தேடி எடுத்துத் தந்தார். தந்துவிட்டு, "உந்தப் பேப்பரிலை எனக்கும் ஒரு மூலை தருவியளோ?" என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாளாம்.

"ஒரு கல்யாண நாளுக்கும் மத்தியானம் இந்தாள் வீட்டிலை நிண்டதில்லை. அண்டைக்கெண்டு நாட்டிலை ஏதாவது நடக்கும். நடக்காட்டி இவர் தேடிப் பிடிப்பார். லீவு போட்டாலும், சும்மா எட்டிப் பாத்திட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டால் வர ராத்திரி பதினொண்டு. இடம்பெயர்ந்து போய்க் கிடந்த நேரம் பேப்பர் நிண்டது. அந்த ரெண்டு கிழமைதான் ரெண்டு பேரும் ஒண்டாய் இருந்து மத்தியானம் சாப்பிட்டனாங்கள். அதுவும் ஒரு புளியமரத்துக்குக் கீழை."

அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இந்தக் கதை புதிதில்லை. வல்வெட்டித்துறையில் என் அப்பா கப்பலில் வேலை செய்தவர், வருடத்தில் இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவார். அவர் மார்கழியில் வந்து இறங்குகிற நாளிலேயே எங்கள் நாலு பேருக்கும் ஒன்றாகப் பிறந்தநாள் வைப்பார் அம்மா. ஒரு கேக்கில் நாலு பெயர். ஆடியில் பிறந்த தம்பி, தான் மார்கழியில் பிறந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கினான்.

றெஜி முதலில் ‘காணவில்லை’ என்ற அறிவித்தலாகப் போடலாம் என்று போனில் சொன்னான். மலரக்கா உடனே தலையை ஆட்டினார். "வேண்டாம் பிள்ளை. எங்கடை சனத்துக்கு உந்தச் சொல் பகிடி இல்லை." அவர் சொன்னது சரி. போரில் காணாமல் போனவர்களை இன்னும் தேடுகிற வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. பிறகு மலரக்காவும் நானுமாக இருந்து எழுதியது இது:

"பகிரங்க அழைப்பு. இத்தால் எனது கணவருக்கு அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் புதன்கிழமை எமது முப்பதாவது திருமண நாளாகும். அன்று மதியம் ஒரு மணிக்கு வீட்டில் நண்டுக்கறி. இதனையே தனிப்பட்ட அழைப்பாக ஏற்று வருகை தரவும். இங்ஙனம், மனைவி மலர், அரியாலை."

3. சிவப்பு ‘கு’

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. பிழை பார்க்க எடுக்கிற புரூவ் தாளில் குணம் அண்ணை சிவப்புப் பேனையால் ‘கு’ என்று போட்டு வட்டமிட்டால்தான் சின்னராசா அண்ணை அச்சடிக்கப் பிளேட் எடுப்பார். சின்னராசா அண்ணை அச்சுக்கூடத்து ஆள். ‘கு’ இல்லாவிட்டால் கடவுளே எழுதிய பக்கமாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்.

பகிடிப் பக்கம் அசலாக இருக்கவேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமை காலை அதில் நானே சிவப்பில் ‘கு’ போட்டு வட்டமிட்டேன். நன்றாகத்தான் வந்தது. பிரேம் கடைக்குக் கொண்டுபோக என்று றெஜி அதைத் தன் மேசைத் தட்டில் வைத்தான். அச்சுக்குப் போகிற பக்கங்களும் அதே தட்டில்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் உண்மையான ஏழாம் பக்கம் குணம் அண்ணையின் கையில் கிடந்தது. அதிலிருந்த கவிதையில் நிலவு ‘குளிர்ந்தது’ என்று வரவேண்டுமா, ‘குளிர்ந்தது போல்’ என்று வரவேண்டுமா என்று கவிஞரோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தார். ஞாயிறு இணைப்பு வெள்ளி பின்னேரமே அச்சாகும். சின்னராசா அண்ணை வந்தார், தட்டைப் பார்த்தார், ‘கு’ இருந்தது, எடுத்துக்கொண்டு போனார். குணம் அண்ணை கவிதையை முடித்துக் கையெழுத்திட்டு வைத்தபோது அந்தப் பக்கத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை.

தாளைக் காணோம் என்றதும் நான் எடுத்திருப்பேன் என்று றெஜி நினைத்தான், அவன் எடுத்திருப்பான் என்று நான் நினைத்தேன். இன்னொரு பிரதி எடுத்து, இன்னொரு ‘கு’ போட்டேன். அதற்குள் கை பழகிவிட்டது.

சனிக்கிழமை கேக் வெட்டி, பிரேமைக் கையில் கொடுத்தோம். குணம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வானிலைப் பெட்டிக்கு வந்தபோது தோள் குலுங்கியது. பிறகு வாயைத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எல்லாரும் கை தட்டினோம். பின்னால் நின்ற சின்னராசா அண்ணை மட்டும் கேக்கை மென்றபடி சாதாரணமாகச் சொன்னார்:

"இதுக்கேன் இவ்வளவு சிரிப்பு? நான் நேற்றே வாசிச்சிட்டன். நல்ல பக்கம். அவ்வளவும் அடிச்சு, கட்டி, ஏஜென்டுமாருக்கும் அனுப்பியாச்சு."

கேக் வெட்டிய கத்தி கீழே விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

4. ஆற்றை கையெழுத்து?

முகாமையாளர் குணம் அண்ணையையும் எங்களையும் கூப்பிட்டபோது ஞாயிறு இணைப்பு பருத்தித்துறைக் கடைகளுக்கே போய்விட்டது. மேசையில் அந்தப் புரூவ் தாள். சிவப்பு ‘கு’வில் விரலை வைத்தார்.

"உது ஆற்றை கையெழுத்து?"

செய்தி ஆசிரியரின் கையெழுத்தைக் களவாகப் போட்ட ஆளை எந்தப் பத்திரிகையும் வைத்திருக்காது. எனக்கு அது தெரியும். என் மனுசனுக்கு அப்போது வேலை இல்லை, மகள் முதலாம் வகுப்பு. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"என்ரை" என்றார் குணம் அண்ணை.

"உம்மளைப் பற்றிப் பகிடி எழுதின பக்கத்துக்கு நீரே ஓகே போட்டனீரோ?"

"வாசகருக்கும் ஒரு மாற்றம் வேணும்தானே."

முகாமையாளர் ஒன்றும் விசரர் இல்லை. தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரி. ஆனால் எங்கடை பேப்பரிலை பொய் வாறதில்லை. புதன்கிழமை ஒரு மணிக்கு நீர் வீட்டை போய்ச் சாப்பிட்டால், உது உம்மடை கையெழுத்து. போகாட்டி, உதைப் போட்டது ஆர் எண்டு நான் விசாரிப்பன். பேந்து அந்த ஆள் இஞ்சை இருக்க ஏலாது."

வெளியே வந்ததும் நன்றி சொல்லப் போனேன். குணம் அண்ணை என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, பேனையை எடுத்து, என் ‘கு’வைத் திருத்தினார். "கீழை சுழி இவ்வளவு வராது, பிள்ளை."

5. புதன்கிழமை

ஞாயிறு காலை தொடங்கிய தொலைபேசி செவ்வாய் வரை ஓயவில்லை. ஒருவரும் முறையிடவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "உவர் போவாரோ?" யாரோ பக்கத்தைப் படமெடுத்து முகநூலில் போட, லண்டனில் இருந்தும் கேட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் குணம் அண்ணையிடம் மிச்சத்தைக் கொடுக்கும்போது, "ஐயா, புதன் மறக்காதேங்கோ" என்றாராம். அரியாலையில் கடல்நீரேரியில் வலை போடுகிற ஒருவர், கேட்காமலே ஒரு கோர்வை நண்டைக் கொண்டுபோய் மலரக்காவிடம் கொடுத்திருக்கிறார். கவிதை வராத கவிஞர் மட்டும் கோபமாகப் போன் எடுத்தார். கடைசியில் அவரும் "அப்ப போறாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

புதன் காலை பதினொன்றரைக்குப் பருத்தித்துறையில் மீனவர்கள் வீதியை மறித்து இருந்துவிட்டார்கள். குணம் அண்ணையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் அவருடைய மேசைக்கு ஓடினேன்.

"பிள்ளை, இது பெரிய செய்தி."

"நான் பாக்கிறன் அண்ணை. நீங்கள் வெளிக்கிடுங்கோ."

"நீர் ‘கொந்தளிப்பு’ எண்டு தலைப்புப் போடுவீர்."

"போட மாட்டன்."

"‘பரபரப்பு’?"

"அதுவும் போட மாட்டன். சத்தியமாய்."

"ரெண்டு தரப்பிட்டையும் கதைக்கவேணும். மாவட்ட அரச அதிபரிட்டைக் கேக்கவேணும். படத்திலை பொலிஸ்காரரின்ரை முகம்..."

பன்னிரண்டரை. அவர் கதிரையை விட்டு அசையவில்லை. அறை முழுக்க வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தது. பகிடி, பயம் எல்லாம் சேர்ந்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில் அவருடைய கையில் இருந்த போனைப் பிடுங்கிவிட்டேன். பத்து வருடத்தில் அவரோடு குரல் உயர்த்திக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"அண்ணை, என்ரை வேலைக்காகப் போகவேண்டாம். அது போனால் போகட்டும். அந்த மனுசி முப்பது வருஷமாய்ச் சமைச்சு வைச்சுக்கொண்டு இருக்குது. எழும்புங்கோ!"

குணம் அண்ணை எழும்பினார். சிவப்புப் பேனையைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் போனார்.

அரியாலையில் அவருடைய வீடு இருக்கிற ஒழுங்கை முழுக்கச் சனமாம். மதில்களில் பெடியள். மோட்டார் சைக்கிள் திரும்பியதும் "வந்திட்டார்!" என்று ஒரு கூக்குரல். போட்டிப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் வேலியோடு நின்று படமெடுத்தார். மறுநாள் அவர்களுடைய மூன்றாம் பக்கத்தில் அது வந்தது, "சாப்பிட வந்தார்" என்று ஒற்றைத் தலைப்போடு. நல்ல தலைப்பு. எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தார். கையில் நண்டு வாசம். நான் செய்து வைத்த முதற்பக்கத்தை எடுத்து, அரைமணித்தியாலம் பிழை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அது கொஞ்சம் கவலையாகவே இருந்தது. பிறகு, "இதிலை உம்மடை எழுத்தையே போடும்" என்று பேனையை என் பக்கம் தள்ளினார். முகாமையாளர் அந்தக் கையெழுத்து விசயத்தைப் பிறகு எடுக்கவே இல்லை.

ஐந்து மணிக்கு மலரக்கா எனக்குப் போன் எடுத்தார். சாப்பாடு எப்படிப் போனது என்று கேட்டேன்.

"நல்லாய்ப் போச்சு, பிள்ளை. நண்டு முழுக்க அவர்தான் சாப்பிட்டார். நான் அவரைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன்." பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தாளுக்குத் தலை முழுக்க நரைச்சிட்டுது பிள்ளை. எப்ப நரைச்சது எண்டு எனக்குத் தெரியாது. ராத்திரி லைட்டிலை வடிவாய்த் தெரியிறேல்லை."

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். தலைப்பு, முதற்பக்கச் செய்தி எல்லாம் தானாக வரும், அவற்றை நான் பெரிதாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்கள் எழும்பிப் போனாலும் பேப்பர் வெளிவரும் என்பதை மட்டும் சொல்லுவேன். அது எனக்கே கடினமாக வந்த பாடம்.

அன்றைக்குப் பக்கத்தில் என் எழுத்தைப் போட்டுவிட்டு, என்றைக்கும் இல்லாமல் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்த சத்தம் கேட்டு என் மனுசன் ஓடி வந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"என்னப்பா," என்றார், "பேப்பரை மூடிட்டாங்களோ?"